டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்: செல் சவ்வுக்கும் ஒரு பதம் உண்டு

போன இதழில் சிவப்பணுவைப் பற்றி எழுதும்போது, அதன் மேல்சவ்வு இளகிய கொழுப்பால் ஆனது, அது இறுகிப்போனால் மண்ணீரல் அந்த அணுவைப் பிடித்து அழித்துவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் கட்டாகக் கிடக்கின்றன. அதனால் இந்த முறை சவ்வைப் பற்றிய கேள்விகள் மட்டும். நோய் விவரங்கள் இருப்பதால் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

டாக்டர் அம்மா, எங்கள் உயிரியல் புத்தகத்தில் செல் சவ்வு ‘திரவ மொசைக்’ என்று இருக்கிறது. சிங்கர், நிகல்சன், 1972 என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் திரவம் என்றால் செல் ஏன் கரைந்து ஓடவில்லை? அது திரவம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
*பிளஸ் டூ மாணவி, அருப்புக்கோட்டை*

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் கண்ணு. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1925-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவர், கிரெண்டல் என்பவரோடு சேர்ந்து, சிவப்பணுக்களில் இருந்த கொழுப்பை அசிட்டோனில் கரைத்துப் பிரித்தெடுத்தார். அதைத் தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பிப் பார்த்தார்கள். கொழுப்பு பிடித்த இடம், அந்த அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். நம்முடைய சிவப்பணுவுக்குள் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. வெளிச்சவ்வு ஒன்றைத் தவிர வேறு சவ்வே இல்லை. (அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை, அணுவின் பரப்பும் குறைவாகக் கணக்கிடப்பட்டது என்று பிற்பாடு தெரியவந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டன. முடிவு சரியாகவே நின்றது.)

சரி, இரண்டு அடுக்கு. அது அசையாமல் இருக்கிறதா, அசைகிறதா? 1970-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் செய்த சோதனையை நீ உன் தோழிகளுக்கும் சொல்ல வேண்டும். சுண்டெலியின் செல்லையும் மனித செல்லையும் செண்டாய் வைரஸைப் பயன்படுத்தி ஒன்றாக ஒட்டவைத்தார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறத்தில் ஒளிரும் சாயம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம். ஒட்டியவுடன் பார்த்தால் ஒரு பாதி பச்சை, மறு பாதி சிவப்பு. 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான செல்களில் இரண்டு நிறமும் முழுக்கக் கலந்திருந்தன. செல்லுக்கு ஆற்றல் கிடைக்காமல் தடுத்தபோதும் கலந்தன. ஆக, யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை, புரதங்கள் தாமாகவே மிதந்து நகர்கின்றன. வெப்பத்தை 15 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனபோது கலப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. சிங்கரும் நிகல்சனும் 1972-ல் தங்கள் மாதிரியை எழுதியபோது கையில் வைத்திருந்த வலுவான சாட்சிகளில் இது ஒன்று.

இனி உன் முதல் கேள்வி. சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு (லிப்பிட்) மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும், இரண்டு வால்கள் தண்ணீரை ஒதுக்கும். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் வால்கள் ஒன்றோடு ஒன்று நடுவில் ஒளிந்துகொள்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை அவை கலைந்து போக வழியே இல்லை. ஆனால் அந்த அடுக்குக்குள் பக்கவாட்டில் நகர்வதற்கு எந்தத் தடையும் கிடையாது. ஒரு லிப்பிட் மூலக்கூறு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி முறை பக்கத்து மூலக்கூறோடு இடம் மாற்றிக்கொள்கிறது. அதே மூலக்கூறு மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குத் தானாகக் குதிப்பது மட்டும் மிக அரிது. தலை, நடுவில் இருக்கும் கொழுப்பைக் கடக்க வேண்டுமே! அந்த வேலைக்கென்று செல் தனியாக நொதிகளை வைத்திருக்கிறது. பக்கவாட்டில் திரவம், மேலும் கீழும் கட்டுப்பாடு. தடிமன் வெறும் 5 நானோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கருத்துவிடுகிறது, ஆப்பிள் கருப்பதில்லை. இதற்கும் சவ்வுதான் காரணம் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
*இல்லத்தரசி, தேனி*

உங்கள் மகனுக்கு என் பாராட்டு. பெரும்பகுதி உண்மை.

மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், நல்லெண்ணெய் உறையாது. சவ்வில் நடப்பதும் இதே மாதிரிதான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், 24 டிகிரிக்குக் கீழே போனால் கெட்டியாகும். நல்லெண்ணெயில் இருப்பவை இரட்டைப் பிணைப்பு உள்ளவை, அந்த இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும், அதனால் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது. ஒரே நீளம் கொண்ட, 18 கார்பன் உள்ள மூன்று அமிலங்களைப் பாருங்கள். வளைவே இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். ஒரு வளைவு உள்ள ஓலிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டு வளைவு உள்ள லினோலிக் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரை உறையாது. இந்த மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் சவ்வைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

வாழை வெப்ப நாட்டுப் பயிர். அதன் சவ்வுகள் நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற பதத்தில் இருக்கின்றன. 13 டிகிரிக்குக் கீழே போனால் அவை இறுகத் தொடங்கிக் கசிகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் பொருள்களும் நொதிகளும் ஒன்று சேர, தோல் கருக்கிறது. ஆப்பிள் குளிர் நாட்டு மரம், அதற்கு இந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. 1992-ல் ஜப்பானில் நோரியோ முராட்டாவின் குழு புகையிலைச் செடியில் ஒரு மரபணுவை மாற்றி, சவ்வுக் கொழுப்பின் வளைவைக் கூட்டியும் குறைத்தும் காட்டியது. வளைவு குறைந்த செடி குளிரில் அதிகம் வாடியது, கூடிய செடி தாக்குப்பிடித்தது.

பழுத்த பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்துத் தோல் கருத்தால் உள்ளே சதை நன்றாகவே இருக்கும், தூக்கி எறியாதீர்கள். காயை மட்டும் வைக்காதீர்கள், அது அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது.

என் மகனுக்கு டெங்கு வந்தபோது பிளேட்லெட் தேவைப்பட்டது. ரத்தப் பையை ஐஸ் பெட்டியில் தந்தவர்கள், பிளேட்லெட்டை மட்டும் சாதாரணப் பையில் போட்டு, ‘ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உடனே ஏற்றச் சொல்லுங்கள்’ என்றார்கள். கெட்டுப்போகாதா என்று எனக்கு ஒரே பதற்றம். ஏன் இப்படி?
*வாசகர், திண்டுக்கல்*

அவர்கள் செய்தது மிகச் சரி. இது நான் பணிக்காலம் முழுவதும் பார்த்த வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்த வங்கிக்குள் வந்து பார்த்தீர்கள் என்றால், சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி குளிரில் அடுக்கியிருக்கும். சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள் தாங்கும். இன்னொரு மூலையில் அஜிடேட்டர் என்ற கருவி, மஞ்சள் நிறத் தட்டணு (பிளேட்லெட்) பைகளை இரவு பகல் விடாமல் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும். அங்கே 20 முதல் 24 டிகிரி. அந்தச் சூட்டில் கிருமி எளிதாக வளரும், அதனால் பொதுவாக ஆயுள் 5 நாள்தான். ஆட்டுவது எதற்கு என்றால், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கவும், பையின் வழியாக ஆக்ஸிஜன் உள்ளே போகவும்.

தட்டணுவைக் குளிரில் வைத்தால் என்ன? 1960-கள் வரை வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1969-ல் மர்ஃபி, கார்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், குளிரில் வைத்த தட்டணுக்களை உடம்பில் ஏற்றினால் அவை வெகு சீக்கிரம் காணாமல் போய்விடுகின்றன, அறை வெப்பத்தில் வைத்தவை நீடிக்கின்றன என்று காட்டினார்கள். உலகமே வழக்கத்தை மாற்றிக்கொண்டது. காரணம் பின்னால்தான் துலங்கியது. தட்டணுவின் சவ்வில் உள்ள கொழுப்பு சுமார் 15 முதல் 18 டிகிரிக்குள் இளகிய நிலையிலிருந்து இறுகிய நிலைக்கு மாறத் தொடங்குகிறது. மாறும் அதே நேரத்தில், தட்டையாக இருந்த அணு உருண்டு, முள் முளைத்த வடிவத்துக்கு வருகிறது. அது எங்கோ காயம் பட்டுவிட்டது என்று தூண்டப்பட்ட நிலை. இறுகிய சவ்வில் சில புரதங்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டுவிடுகின்றன. அப்படித் திரண்டதைப் பார்த்துக் கல்லீரலில் உள்ள விழுங்கு செல்கள் அந்தத் தட்டணுவை எடுத்துவிடுகின்றன. சிவப்பணுவில் கொலஸ்டரால் மிக அதிகம், அதனால் குளிரில் அது இப்படிச் சட்டென்று நிலை மாறுவதில்லை.

விபத்தில் ரத்தம் கொட்டும் நோயாளிக்கு மட்டும், உடனடியாக உறைய வைக்க வேண்டும் என்பதால், குளிரில் வைத்த தட்டணுக்களை மறுபடி பயன்படுத்தும் முயற்சி சில நாடுகளில் நடக்கிறது. அங்கே நீண்ட ஆயுள் தேவையில்லை, வேகம்தான் தேவை. டெங்கு அப்படியல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தட்டணுவுக்காக நள்ளிரவில் அலையும் பெற்றோரைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ரத்தக்கசிவு இல்லாமல், எண்ணிக்கை 10,000-க்கு மேல் இருக்கும்போது டெங்குவில் பொதுவாகத் தட்டணு ஏற்றத் தேவையில்லை. பெரும்பாலும் உயிரைக் காப்பது சரியான நேரத்தில், சரியான அளவில் தரப்படும் திரவம். ‘கவுண்ட் இறங்குகிறது’ என்பதை மட்டும் வைத்து டாக்டரை நெருக்காதீர்கள். சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா, கை கால் சில்லிடுகிறதா என்று பாருங்கள், அதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஒரு ஹோட்டல் கூட்டத்துக்கு நண்பர் அழைத்துப்போனார். ‘உங்கள் செல் சவ்வு இறுகிவிட்டது, அதனால்தான் இன்சுலின் உள்ளே போகவில்லை, இந்த ஒமேகா கேப்ஸ்யூல் சவ்வை இளக்கும், மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம்’ என்றார்கள். மாதம் 4,800 ரூபாய். வாங்கலாமா அம்மா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

ஐயா, வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் சொன்னதில் உண்மையின் ஒரு நூல் இருக்கிறது. அதனால்தான் எனக்கு அதன் மேல் இத்தனை கோபம். சர்க்கரை நோயில் சிவப்பணுக்கள் விறைப்பாகின்றன என்பது உண்மை. ரத்தத்தில் கூடிப்போன சர்க்கரை, ஹீமோகுளோபினில் ஒட்டுவது போலவே (உங்கள் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பது அதைத்தான்) சவ்வுப் புரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மருந்து சர்க்கரையைக் குறைப்பது. மற்றபடி, இன்சுலின் செல்லுக்குள் போய் வேலை செய்வதில்லை. சவ்வின் வெளிப்பக்கம் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து செய்தி சொல்கிறது. அந்தச் செய்தி உள்ளே தடைபடுவதற்கு ஈரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பு, உடல் எடை, உழைப்பின்மை என்று பல காரணங்கள்.

இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று. சவ்வு எவ்வளவுக்கெவ்வளவு இளகுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று யார் சொன்னது? அளவுக்கு மீறி இளகினால் சவ்வு கசியும், புரதங்கள் வடிவம் தவறும். இறுகினாலும் ஆபத்து. வேண்டியது பதம். அந்தப் பதத்தைச் செல் தானே பார்த்துக்கொள்கிறது. 1974-ல் சினென்ஸ்கி என்பவர் ஈ. கோலி பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்தார். குளிரில் வளர்ந்தது வளைந்த கொழுப்புகளைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டது, சூட்டில் வளர்ந்தது நேரான கொழுப்புகளை. வளர்ந்த வெப்பத்தில் அளந்தபோது இரண்டின் சவ்வும் ஏறக்குறைய ஒரே இளக்கத்தில் இருந்தன! ஒரு சிறு பாக்டீரியாவுக்கு இந்தத் திறமை.

பாலூட்டிகளிலும் இப்படித்தான். 2020-ல் அமெரிக்காவின் லெவண்டல் குழு, மீன் எண்ணெயில் இருக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பைச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. டிஎச்ஏ சவ்வுக்குள் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. உடனே செல் என்ன செய்தது தெரியுமா? நேரான கொழுப்புகளையும் கொலஸ்டராலையும் சவ்வில் கூட்டி, இளக்கத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டது. அப்படிச் சரிக்கட்ட விடாமல் தடுத்த செல்கள் பாதிக்கப்பட்டன. உங்களிடம் 4,800 ரூபாய்க்கு விற்கப்பார்த்த ‘இளக்கத்தை’ உடம்பு ஏற்றுக்கொள்ளவே போவதில்லை என்று இதற்குப் பொருள்.

கொலஸ்டரால் என்றதும் பயப்படாதீர்கள். ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டரால் கூடினால் ரத்தக்குழாய்க்கு ஆபத்து, அதற்கு டாக்டர் தந்த மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். ஆனால் சவ்வுக்குள் கொலஸ்டரால் இல்லாமல் முடியாது. சூட்டில் வால்களின் அசைவைக் கட்டுப்படுத்துவதும், குளிரில் அவை நெருங்கி உறைந்துவிடாமல் இடையில் நிற்பதும் அதுதான். கொலஸ்டராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட்டால் சவ்வு கெட்டுவிடும் என்று அதே கூட்டத்தில் சொல்லியிருந்தாலும் நம்பாதீர்கள். செல் தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் ஒமேகா-3 வீணா என்றால், இல்லை. விழித்திரையிலும் மூளையிலும் டிஎச்ஏ ஏராளமாக இருக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. நீங்கள் நாகர்கோவிலில் இருக்கிறீர்கள் ஐயா! சாளையும் அயிலையும் நெத்திலியும் காலையில் வந்து இறங்கும் ஊர். வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். சைவம் என்றால் ஆளிவிதை, வால்நட். அதில் இருக்கும் ஒமேகா-3-ஐ உடம்பு டிஎச்ஏவாக மாற்றுவது கொஞ்சம்தான், ஆனாலும் நல்ல உணவு. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு டாக்டர்களே கூடுதல் அளவில் ஒமேகா-3 எழுதுவதுண்டு. அந்த அளவில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு சற்றுக் கூடுவதைப் பெரிய சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஹோட்டல் கூட்டத்தில் முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

உணவில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால், டிரான்ஸ் கொழுப்பைக் குறையுங்கள். வனஸ்பதி செய்யும்போது உருவாகும் எலைடிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, ஆனால் வளைவு இல்லை. ஓலிக் அமிலம் 13 டிகிரியில் உருக, அதே அணுக்களால் ஆன இது 45 டிகிரி வரை கெட்டியாக நிற்கிறது. ரத்தக்குழாய்க்கு அது செய்யும் கெடுதல் சவ்வோடு நிற்பதில்லை, எல்டிஎல்லைக் கூட்டி நல்ல கொலஸ்டராலைக் குறைக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீதம் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. பேக்கரி பஃப்ஸையும் ஆறேழு முறை காய்ந்த எண்ணெயில் பொரித்த பலகாரத்தையும் மாலை டீயிலிருந்து விலக்கினால் போதும், மாதம் 4,800 ரூபாய்க்கு மேல் பயன்.

என் கணவருக்குக் குடியால் ஈரல் சுருங்கிவிட்டது. ரத்தம் ஏற்றினாலும் சில நாளில் ஹீமோகுளோபின் இறங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ‘ஸ்பர் செல்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏற்றிய ரத்தம் தரமில்லாததா? யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.
*வாசகி, விழுப்புரம்*

அம்மா, ரத்தத்தில் குறை இல்லை. எப்பேர்ப்பட்ட நல்ல ரத்தத்தை ஏற்றினாலும் அவர் உடம்பில் இப்படித்தான் ஆகும். ஏன் என்று சொல்கிறேன்.

சிவப்பணுவால் புதிதாகக் கொழுப்பைத் தயாரிக்க முடியாது. அதன் சவ்வில் உள்ள கொலஸ்டரால், சுற்றியுள்ள பிளாஸ்மாவோடு எப்போதும் கொடுக்கல் வாங்கலில் இருக்கும். நல்ல உடம்பில் சவ்வின் கொலஸ்டராலும் பாஸ்போலிப்பிடும் ஏறக்குறைய சம எண்ணிக்கை. ஈரல் மிகவும் பழுதானால், கொலஸ்டராலைப் பக்குவப்படுத்தும் நொதி குறைந்து, பிளாஸ்மாவில் கட்டில்லாத கொலஸ்டரால் மிஞ்சுகிறது. அது சிவப்பணுச் சவ்வுக்குள் ஏறுகிறது, ஒன்றரை மடங்கு வரைகூட. சவ்வு இறுகுகிறது. சாதாரணச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். மண்ணீரலில் அது நுழைய வேண்டிய இடுக்கோ ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். இறுகிய அணு அதில் வளைந்து நுழைய முடியாமல் சிக்குகிறது. ஒவ்வொரு முறையும் சவ்வில் கொஞ்சம் இழந்து, முள் முள்ளாக ஆகிறது. அந்த முள் அணுதான் ஸ்பர் செல். கடைசியில் மண்ணீரலிலேயே அழிகிறது. 120 நாள் வாழ வேண்டியது சில நாளில் முடிந்துவிடுகிறது. 1969-ல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கூப்பர், இந்த நோயாளிகளின் பிளாஸ்மாவில் நல்ல சிவப்பணுவை ஊறவைத்தாலே அது கொலஸ்டராலை ஏற்றுக்கொள்கிறது என்று காட்டினார். உங்கள் கணவருக்கு ஏற்றும் ரத்தத்துக்கும் அதுதான் நடக்கிறது.

உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஸ்பர் செல்கள் நிறைய வந்திருப்பது ஈரல் மிகவும் தளர்ந்துவிட்டதன் அடையாளம். முழுத் தீர்வு என்றால் ஈரல் மாற்றுதான். மாற்று ஈரல் பொருந்திய பிறகு இந்த அணுக்கள் மறைந்து ரத்தம் சீராகியிருக்கிறது. அதற்கு அவர் தகுதியானவரா என்பதை ஈரல் நிபுணர்தான் பார்க்க வேண்டும். இந்த வாரமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஈரல் மாற்று செய்கிறார்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஈரல் மாற்றுக்கு இடம் உண்டு. குடியை அடியோடு நிறுத்துவது எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை. அவரால் தனியாக முடியாவிட்டால் மனநலப் பிரிவில் உதவி கிடைக்கும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீங்களும் சாப்பிட்டுத் தூங்குங்கள் அம்மா.

நான் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியர். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. சவ்வு இறுகிவிடுவதாலா?
*செவிலியர், கோயம்புத்தூர்*

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம் சிஸ்டர். மயக்க மருந்து ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வீரியம் என்று 1900-ஐ ஒட்டி மேயரும் ஓவர்ட்டனும் கண்டார்கள். ஆகவே அது சவ்வை இளக்கித்தான் மயக்குகிறது என்ற முடிவு வெகுகாலம் நின்றது. சின், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1977-ல் ஆல்கஹால் எலிச் சவ்வுகளை இளக்குவதையும், ஆல்கஹாலுக்குப் பழகிய எலிகளின் சவ்வு அதற்கு அசைந்துகொடுக்காததையும் காட்டினார்கள். உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் போலவே இருக்கிறது, இல்லையா?

ஆனால் ஒரு சிக்கல். அந்த அளவு இளக்கத்தை உடல் வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே பெற்றுவிடலாம். காய்ச்சல் வந்தவர் யாரும் மயங்கி அறுவைக்குத் தயாராகிவிடுவதில்லையே. 1984-ல் லண்டனில் ஃபிராங்க்ஸ், லீப் இருவரும் மின்மினியின் ஒளிப் புரதத்தை எடுத்து, கொழுப்பே இல்லாத அந்தக் கரைசலில் மயக்க மருந்துகள் புரதத்தை நேராகவே தடுப்பதைக் காட்டினார்கள். இன்று முக்கியக் காரணமாகக் கொள்ளப்படுவது மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற பொருளைப் பிடிக்கும் ஏற்பி போன்ற புரதங்கள். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு அவை மாறிவிடுகின்றன, மருந்து கூடுதலாகத் தேவைப்படுவதில் அதற்குப் பெரிய பங்கு. சவ்வுக்கும் ஒரு பங்கு உண்டு என்று 2020-ல் மறுபடி ஆய்வு வந்திருக்கிறது. அது மொத்தச் சவ்வும் இளகுவதைப் பற்றியது அல்ல, சிறு சிறு கொழுப்புத் திட்டுகள் கலைவதைப் பற்றியது.

தியேட்டருக்கு வருமுன் நோயாளியைத் தனியாக வைத்துக் குடியைப் பற்றிக் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள் முன்னால் உண்மை வராது.

படர்தாமரைக்கு மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மாத்திரையும் சவ்வில்தான் வேலை செய்கிறது என்று கடைக்காரர் சொன்னார். என் சவ்வு கெடாதா?
*லாரி ஓட்டுநர், நாமக்கல்*

கெடாது தம்பி. நம் சவ்வில் கொலஸ்டரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டரால் என்ற வேறு பொருள் செய்கிறது. டெர்பினாஃபின், இட்ராகோனசோல் இரண்டும் பூஞ்சை அதைத் தயாரிக்கவிடாமல் தடுக்கின்றன. 2021-ல் கொரோனாவோடு வந்த கரும்பூஞ்சைக்குத் தட்டுப்பாடாகித் தேடி அலைந்தார்களே, ஆம்போடெரிசின் பி, அது எர்கோஸ்டராலையே நேராகப் பிடிக்கிறது. நம் கொலஸ்டராலையும் ஓரளவு பிடிப்பதால் சிறுநீரகத்துக்குச் சிரமம் தரும், அதனால்தான் அதை ஆஸ்பத்திரியில் வைத்துத் தருகிறார்கள். உங்கள் மாத்திரை அந்த ரகம் இல்லை. ஆனால் ஈரலைக் கவனிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளோடும் மோதலாம், அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

திரும்ப வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இந்தியாவில் இப்போது பரவும் ஒருவகைப் பூஞ்சையில் டெர்பினாஃபின் பிடிக்க வேண்டிய நொதியே மாறியிருக்கிறது, மருந்து அதைத் தொடுவதில்லை. தோல் டாக்டர் வேறு மருந்து தருவார். இரண்டு, ஸ்டீராய்டு கலந்த கிரீம். கடையில் கேட்டு வாங்கிய டியூபைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயரில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல் என்று இருந்தால் தடவுவதை நிறுத்துங்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் நீங்கள், ஈரமான உள்ளாடையை மாற்ற மாற்றுத் துணி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். சொன்ன வாரங்கள் முழுவதும், வட்டம் மறைந்த பிறகும், மாத்திரையை முடியுங்கள். வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் அதே நாளில் கூட்டிப்போங்கள்.